மேல்மலையில தற்காலிகமா ஒரு தீயணைப்பு வண்டி நிறுத்த என்னய்யா கஷ்டம்?

கிராமத்தில் தீ என்று தகவல் போனால் 20 நிமிடத்துக்குள் தீயணைப்பு வண்டி வந்து நிற்க வேண்டுமாம். நகரத்தில் 5 முதல் 7 நிமிடம். ஒன்றிய உள்துறையின் கீழ் இருக்கும் தீயணைப்பு ஆலோசனைக் குழு பல வருடமாகச் சொல்லிவரும் அளவுகோல் இது. எங்கள் மேல்மலையில் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். 20 நிமிடத்தில் வண்டி கொடைக்கானல் டவுன் நெரிசலைத் தாண்டியிருந்தாலே எங்களுக்கு அது திருவிழா.

மேல்மலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொடைக்கானல் ஏரி, படகு, குதிரை, சாக்லேட் கடை, இத்தோடு பழனி மலைத்தொடர் முடிந்துவிட்டது என்று நினைத்து முக்கால்வாசிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். அதற்கு மேற்கே பூம்பாறை, கூக்கால், மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று ஊர்கள் இருக்கின்றன. டவுனிலிருந்து பூம்பாறை 20 கிலோமீட்டருக்குப் பக்கம், மன்னவனூர் 35. கிளாவரை அதற்கும் அப்பால். ஒரே ரோடு. எதிரே கேரட் லோடு ஏற்றிய லாரி வந்தால் யாராவது ஒருத்தர் ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும். இந்த ரோட்டில்தான் 4,500 லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு தீயணைப்பு வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி ஏறி இறங்கி வர வேண்டும். அந்த நேரம் பார்த்து அது வேறு எங்காவது மரம் விழுந்த இடத்துக்குப் போயிருந்தால், அடுத்தது வத்தலக்குண்டிலிருந்து. அதாவது 50 கிலோமீட்டர் காட் ரோடு ஏறி டவுனுக்கு வந்து, அதற்கு மேல் எங்கள் ரோடு. அது வந்து சேர்வதற்குள் சாம்பல் ஆறியிருக்கும்.

தீயணைப்பு வீரர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வந்தபிறகு வேலை செய்யும் வேகத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் கோபமெல்லாம் வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று மேசையில் உட்கார்ந்து முடிவு பண்ணுகிறவர்கள் மேல்.

எங்கள் வீடுகள் எப்படிப்பட்டவை என்று அவர்களில் யாராவது உள்ளே வந்து பார்த்திருக்கிறார்களா? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறீர்களே, அந்தப் பூண்டு எங்கே இருக்கிறது தெரியுமா? அடுப்புக்கு மேலே, பரணில். அறுவடை முடிந்ததும் தாளோடு, அதாவது தண்டோடு, சேர்த்துக் கட்டுக்கட்டாக முடிந்து தொங்கவிட்டு, கீழே விறகு எரித்துப் புகை காட்டுவோம். புகை ஏறினால்தான் பல் வதங்காமல் மாதக்கணக்கில் நிற்கும், விதைப்பூண்டும் கெடாது. அந்தத் தாள் காய்ந்து சருகாகி, கை பட்டாலே நொறுங்கும். மேலே தகரம், அடியில் பழைய மரச்சட்டம், பக்கத்தில் சுவரோடு சுவர் ஒட்டின அடுத்த வீடு, அதற்கடுத்து இன்னொன்று. வருடம் முழுக்கக் குளிர் என்பதால் அடுப்பு அணைவதே கிடையாது. ஒரு பரண் பிடித்தால் தெருவே பிடித்த மாதிரி. ஒரு அறை முழுசாகப் பற்றிக்கொள்ளச் சில நிமிடம் போதும்.

போன பூண்டு சீசனில் எங்கள் தெருவில் அதுதான் நடந்தது. கைபேசியில் சிக்னல் கிடைக்கவே ஒருத்தன் கோயில் மேட்டுக்கு ஓடினான். லைன் கிடைத்தது. எதிர்முனையில் நிதானமாகக் கேள்வி: "எந்தத் தாலுகா? கொடைக்கானல்ல எந்த ஏரியா? பக்கத்துல ஏதாவது லேண்ட்மார்க் சொல்லுங்க."

"புகை தெரியும் சார், அதுதான் லேண்ட்மார்க்" என்று கத்திவிட்டு வந்துவிட்டான். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரையும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் எந்த ஊரில் உட்கார்ந்திருந்தாரோ, எங்கள் ஊர்ப் பேரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருப்பார்.

தீயை அணைத்தது யார் என்றால், உருளைக்கிழங்குக்கு மருந்து அடிக்கிற பவர் ஸ்பிரேயர். பிக்கப் வண்டியில் சின்டெக்ஸ் டேங்க்கை ஏற்றி, மோட்டாரைக் கட்டி, நீள ஓஸை இழுத்து, அந்த மருந்து நாற்றத்தோடேயே அடித்தார்கள். ஓஸ் விரல் தடிமன்தான். கூரையைப் பிரித்து எறிந்த பிறகுதான் தண்ணீர் உள்ளே போனது. பக்கத்து வீட்டு அக்கா சிலிண்டரைத் தனியாளாக உருட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். உயிர்ச்சேதம் இல்லை, முருகன் புண்ணியம். ஒரு குடும்பத்தின் வருடம் முழுக்கப் பாடுபட்ட பூண்டும், அடுத்த நடவுக்கான விதையும் போச்சு. அரசாங்க வண்டி வந்தபோது சும்மா சொல்லக்கூடாது, புகைந்துகொண்டிருந்த சட்டங்களை ஒன்றுவிடாமல் நனைத்துவிட்டுத்தான் போனார்கள்.

சரி, ஏன் மேலே ஒரு நிலையம் இல்லை என்று கேட்டால் என்ன சொல்கிறார்கள்? மக்கள்தொகை. நகரத் திட்ட வழிகாட்டிகளைப் பார்த்தால் 2 லட்சம் பேருக்கு ஒரு தீயணைப்பு நிலையம் என்று இருக்கிறது. வண்டிக் கணக்கு 50,000 பேருக்கு ஒன்று. கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பில் 36,501 தான். அந்தக் கணக்குப்படி டவுனுக்கே முழுசாக ஒரு வண்டி தேறாது, மேல்மலையை யார் சீண்டப் போகிறார்கள்? நீலகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டம் முழுக்க 7.35 லட்சம் பேர். 2 லட்சத்தால் வகுத்தால் நாலு நிலையம்கூட முழுசாக வராது. பரப்பு ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீட்டர், அதுவும் பள்ளமும் மேடுமாக. பந்தலூரில் பிடிக்கிற தீக்கும் கோத்தகிரியில் பிடிக்கிற தீக்கும் தலையை எண்ணியா வண்டி அனுப்புவது? சமவெளியில் 35 கிலோமீட்டர் அரை மணி, முக்கால் மணி. இங்கே பனிமூட்டம் இறங்கிவிட்டால் ஒன்றரை மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. மலையில் தூரத்தை நிமிடத்தில்தான் அளக்க வேண்டும். இது ஆடு மேய்க்கிற பையனுக்குத் தெரியும்.

அந்தத் தலைக்கணக்கிலும் ஒரு மோசடி இருக்கிறது. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்றம் சொல்லி, மலைக்கு வருகிற சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வந்தது. 2025 சீசனுக்கு உச்சவரம்பும் வைத்தார்கள்: கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000. வண்டிக்கு நாலு பேர் என்று வைத்துக்கொண்டால் ஒரு சனிக்கிழமையில் 24,000 பேர் வரை உள்ளே வரலாம். இவர்கள் லாட்ஜில் தூங்குகிறார்கள், கூடாரத்தில் கேம்ப் ஃபயர் போடுகிறார்கள், காட்டோரம் நிறுத்திச் சிகரெட் பிடிக்கிறார்கள். ஆனால் தீயணைப்புக் கணக்கில் இவர்கள் ஆளே இல்லை. இவர்களுடைய வண்டிகள் மட்டும் மூஞ்சிக்கல்லிலிருந்து ஏரிச்சாலை வரை நின்று, தீயணைப்பு வண்டிக்கு வழிவிட இடமில்லாமல் பண்ணும். எத்தனை கார் உள்ளே வரலாம் என்று கணக்குப் போட முடிந்தவர்களுக்கு, அத்தனை கார் நடுவே சைரன் போட்டுக்கொண்டு ஒரு வண்டி எப்படி வெளியே வரும் என்று மட்டும் கணக்கு வராதா?

சட்டத்திலேயே எங்களுக்கு இடமில்லை என்பது இன்னொரு கூத்து. 74-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் பன்னிரண்டாவது அட்டவணையில், நகராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று சொன்ன பணிகளில் தீயணைப்பு உண்டு. ஊராட்சிகளுக்கான பதினோராவது அட்டவணையில் 29 பணிகள் இருக்கின்றன, தீயணைப்பு மட்டும் கிடையாது. கிராமத்துக்குத் தீப்பிடிக்காது என்று நினைத்துவிட்டார்கள் போல. தமிழ்நாட்டில் எப்படியும் மாநிலத் துறைதான் பார்க்கிறது என்பதால், எங்கள் ஊராட்சித் தலைவர் செய்ய முடிந்தது ஒன்றுதான்: கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதற்குக் கீழே கையெழுத்து வாங்கி, மேலே அனுப்புவது.

அனுப்பினோம். வந்த பதிலில் இரண்டு வரி. உரிய நிலம் தேர்வு செய்யப்பட்ட பின்னர் பரிசீலிக்கப்படும்.

நிலம்! அந்த வார்த்தையைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. விதிப்படி குடியிருப்போடு கூடிய ஒரு நிலையத்துக்கு 1 ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் வேண்டும். எங்கள் மலையில் சமதளமாக இரண்டரை ஏக்கர் இருந்தால் அதில் ஏற்கெனவே யாராவது கேரட் போட்டிருப்பார்கள். மீதியெல்லாம் வனத்துறைக்குச் சொந்தம், 1980-ம் வருட வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்றிய அரசு வரை அனுமதி கேட்க வேண்டும். கட்டடம் கட்ட மலைப்பகுதிக் குழுமத்தின் கெடுபிடி வேறு. இந்தக் கெடுபிடிகள் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். இல்லாவிட்டால் மலையை எப்போதோ விற்றிருப்பார்கள். ஆனால் அனுமதியே இல்லாமல் நாலு மாடி காட்டேஜ் முளைத்தபோது கண்ணுக்குத் தெரியாத விதி, தீயணைப்பு வண்டிக்கு ஒரு கொட்டகை என்றதும் பூதக்கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்படியே நிரந்தர நிலையத்துக்குப் பத்து வருடம் ஆகும் என்றே வைத்துக்கொள்வோம். அதுவரைக்கும்? தற்காலிகம் என்ற ஒன்று இவர்களுக்குத் தெரியாததா? தீபாவளி வந்தால் சென்னையில் தற்காலிக தீயணைப்பு நிலையங்கள் திறக்கிறார்கள். வெளி மாவட்டத்து வண்டிகளைக்கூட வரவழைத்து முக்கில் முக்கில் நிறுத்துகிறார்கள். நல்ல ஏற்பாடு, குறையே இல்லை. ஹெலிகாப்டரில் ஒரு வி.ஐ.பி. இறங்குகிறார் என்றால் இறங்குதளத்துப் பக்கத்தில் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். அவர் கிளம்பும்வரை நகராது. அப்போதெல்லாம் யாராவது ஒரு ஹெக்டேர் கேட்டார்களா? 108 ஆம்புலன்ஸ் ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் நிற்கிறது, அதற்கென்று யாரும் தனிக் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கவில்லை. எத்தனையோ தீயணைப்பு நிலையங்கள் வாடகைக் கட்டடத்தில்தான் ஓடுகின்றன.

நாங்கள் கேட்பது வருடம் முழுக்கக்கூட இல்லை. ஜனவரியிலிருந்து மே வரைக்கும். ஏன் அந்த மாதங்கள் என்றால், டிசம்பரிலும் ஜனவரியிலும் விழுகிற உறைபனியில் புல் முழுக்கக் கருகிவிடும். அதன்பின் வெயில் ஏற ஏற, பைன் சருகும் யூகலிப்டஸ் இலையும் குவிந்து கிடக்கிற காட்டுக்கு ஒரு பீடித் துண்டு போதும். யூகலிப்டஸில் எண்ணெய் இருக்கிறது, பைனில் பிசின் இருக்கிறது. பிடித்தால் சரிவில் மேல்நோக்கி ஓடும், ஆள் ஓடுவதைவிட வேகமாக. 2024 ஏப்ரல் கடைசியில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பிடித்தது பல நாள் எரிந்தது. எங்களுக்கிருக்கிற ஒரே ரோட்டிலும் போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அதே வருடம் மார்ச்சில் குன்னூர் ஃபாரஸ்ட்டேலில் பிடித்தபோது சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து ரேலியா அணைத் தண்ணீரை வாளி வாளியாக அள்ளிக் கொட்டியது. டி.வி.யில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முதல் நாளில் பக்கத்திலிருந்து அணைக்க வேண்டியதை, ஹெலிகாப்டர் கேட்கிற அளவுக்கு வளரவிட்டு அணைப்பது என்ன திட்டம்?

வண்டியும் பெரியதாக வேண்டாம். பெரிய வண்டி எங்கள் தெருவுக்குள் நுழையவும் நுழையாது. 2021 டிசம்பரில் குன்னூர்ப் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்தபோது, வண்டி பக்கத்தில் போக வழியில்லாமல் ஊர் மக்கள் குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஓடியதை நாடே பார்த்தது. ஜீப் அளவில் ஒரு சிறிய வண்டி, எடுத்துச் செல்லக்கூடிய பம்ப் ஒன்று, நீள ஓஸ், ஷிப்டுக்கு நாலைந்து ஆள், ஒரு வயர்லெஸ். வயர்லெஸ்ஸை மறந்துவிடாதீர்கள், சிக்னலுக்குக் கோயில் மேட்டுக்கு ஓட முடியாது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டும் தயவுசெய்து மேப்பில் வேண்டாம். ஒருமுறை ஒருத்தர் வந்து, "இங்கிருந்து எல்லா ஊரும் சம தூரம்" என்று ஒரு இடத்தைக் காட்டினார். மேப்பில் சமதூரம்தான். நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருந்தது அவ்வளவுதான். வண்டி நிற்கும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் ரோடு பிடிக்க வசதி வேண்டும். கிளம்பினவுடனே மேடாக இருக்கக் கூடாது. தண்ணீர் திரும்ப நிரப்பிக்கொள்ளப் பக்கத்திலேயே தடுப்பணையோ குளமோ வேண்டும், கோடையிலும் வற்றாததாக. ஓஸைத் திறந்துவிட்டால் 4,500 லிட்டரே பத்துப் பதினைந்து நிமிடம்தான் தாங்கும், சின்ன வண்டிக்கு அதுவும் இல்லை. தண்ணீருக்கு டவுனுக்குத் திரும்பிப் போகிற வண்டியை எத்தனை தடவை கையைப் பிசைந்துகொண்டு பார்ப்பது? மேலே தகரக் கூரை கட்டாயம். உறைபனியில் திறந்தவெளியில் நின்ற வண்டி விடிகாலையில் கிளம்புமா என்று எங்கள் பிக்கப் டிரைவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

இதில் இன்னொரு சண்டையும் உண்டு. காட்டுக்குள் எரிந்தால் வனத்துறை, புறம்போக்கில் எரிந்தால் வருவாய்த்துறை, வீடு எரிந்தால்தான் தீயணைப்புத் துறை என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். தீ சர்வே கல்லைப் பார்த்து நின்றுவிடுமா? தற்காலிக நிலையத்தில் வனத்துறையின் தீத்தடுப்புக் காவலர் ஒருவரும் சேர்ந்து உட்காரட்டும், தகராறு அங்கேயே தீர்ந்துவிடும்.

நிலம் என்று மட்டும் இன்னொரு தடவை எழுதி அனுப்பாதீர்கள். கேரட் கழுவுகிற இடத்தை ஒட்டி ஊர்ப் பொது இடம் இருக்கிறது, பக்கத்திலேயே ஓடை, ரோடு இரண்டு பக்கமும் இறக்கம். எப்போது வேண்டுமானாலும் வந்து அளந்து பாருங்கள், கூட வர ஆள் இருக்கிறது. கொட்டகைக்குக் கம்பும் தகரமும் நாங்கள் தருகிறோம். டிசம்பர் கடைசிக்குள் வண்டியை அனுப்புங்கள். ஆட்களுக்குச் சோறும் டீயும் ஊர்ப்பொறுப்பு, டீசல் மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.