இறக்கத்தில் பழைய பைக் பெட்ரோலே குடிக்காதா?

"இறக்கத்தில் கியரைப் போட்டு ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் பெட்ரோல் ஒரு சொட்டுகூடச் செலவாகாது" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இன்ஜெக்‌ஷன் (கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும்) பைக்குகளுக்கு இது பெரும்பாலும் சரி. காற்றின் உறிஞ்சலால் பெட்ரோலை இழுத்துக் கலக்கும் கார்புரேட்டர் உள்ள பழைய பைக்குக்குச் சரியல்ல.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகுதான் இன்ஜெக்‌ஷன் பரவலானது. அதில் ஆக்சிலரேட்டரை மூடியதும் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். கார்புரேட்டர் உள்ள பழைய ஸ்ப்ளெண்டர் பைக்கில் அப்படி நிறுத்த எதுவும் கிடையாது. சக்கரம் இன்ஜினைச் சுழற்ற, இன்ஜின் காற்றை உறிஞ்ச, கார்புரேட்டரில் உள்ள ஸ்லோ ஜெட் என்ற சிறு துளை வழியாகப் பெட்ரோல் போய்க்கொண்டேதான் இருக்கும்.

அப்போ நியூட்ரலில் விடலாமா? தயவுசெய்து வேண்டாம். மிச்சமாவது சொற்பம். ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இன்ஜின் பிடிப்பு (கியரில் இருக்கும்போது இன்ஜினே வேகத்தைக் குறைப்பது) இல்லாமல் இறங்கினால் டிரம் பிரேக் சூடேறி, பிடிக்கவேண்டிய இடத்தில் பிடிக்காமல் போகும். உயிர் போகிற விஷயம் இது.

மைலேஜ் உண்மையில் சமதளத்தில்தான் கிடைக்கிறது. 100 சிசி பைக்கை 40-50 கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியரில் சீராக ஓட்டுங்கள். சிக்னலைத் தூரத்தில் பார்த்ததுமே ஆக்சிலரேட்டரைக் குறையுங்கள். இன்ஜின் திணறினால் உடனே கியரைக் குறைத்துவிடுங்கள்.