அது உங்க நைனா முகம் இல்ல, தம்பி

அந்த வீடியோவை நான் மறுபடி ஷேர் பண்ணப் போறதில்ல. பார்க்காதவங்க யாரும் இங்க இருக்க மாட்டீங்க. காலமான அப்பாவைத் தன்னோட கல்யாண போட்டோவுல நிக்க வெச்சுட்டு, "ஸ்டுடியோவுல 1,800 ரூபா கேட்டான், ஆப்புல 30 செகண்ட்ல முடிச்சேன், இனிமே கடைய மூடிட்டுப் போகட்டும்"னு தண்டையார்பேட்டை தம்பி ஒருத்தர் சிரிக்கிறார். கீழ ஹார்ட்டா குவியுது. சரி, ஸ்டுடியோக்காரங்க நாங்க மூடிடறோம். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. தம்பி, அந்தப் படத்துல நிக்கிறது உங்க நைனா இல்ல.

கோபத்துல சொல்றேன்னு நினைக்காதீங்க. ரெண்டு படத்தையும் அவரேதான் பக்கத்துல பக்கத்துல காட்டுறார், நிறுத்திப் பாருங்க. பழைய வாக்காளர் அட்டைப் படத்துல இடது இமை கொஞ்சம் தொங்கியிருக்கு, புதுசுல ரெண்டு கண்ணும் ஒரே அளவு. மோவாய் தழும்பு மாயம். ஒட்டின காது மடல் இப்போ தனியா தொங்குது. காலமெல்லாம் வெயில்ல காய்ஞ்ச நிறம், மாப்பிள்ளை மாதிரி வெளுத்துப் போச்சு. "செம ரியல்"னு கமென்ட்டு. ரியல்தான். ரியலான வேற யாரோ.

ஏன் இப்படி வருதுன்னு புரிஞ்சுக்க பெரிய படிப்பெல்லாம் வேணாம். வாக்காளர் அட்டையைப் போன்ல படம் எடுத்து, அதை வாட்ஸ்அப்புல தள்ளி, அங்கேருந்து இறக்கினா முகத்துக்குன்னு 80-க்கு 100 பிக்சல்தான் மிஞ்சுதுன்னு வெச்சுக்கோங்க. அதாவது 8,000 புள்ளி. 12-க்கு 18 இன்ச் பிரின்ட், 300 டிபிஐ-ன்னா, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளின்னா, மொத்தம் 3600-க்கு 5400 பிக்சல் வேணும். குரூப்புல நிக்கிறவர் முகத்துக்கு 500-க்கு 625-ன்னு வெச்சாலும் 3 லட்சத்துக்கு மேல. 8,000 புள்ளி உங்க நைனா, மிச்சம் எங்கேருந்து வந்துச்சு? ஜிஎஃப்பிகேன், கோட்ஃபார்மர் மாதிரி முகம் சரிபண்ற ஏஐ மாடலுக்கெல்லாம் பாடம் எடுத்தது ஃபிளிக்கர்ங்கிற போட்டோ சைட்டுலேருந்து திரட்டின 70,000 முகம். அதுல காசிமேடு வார்ஃபுல வலை இழுத்த மூஞ்சி எத்தனை இருக்கும்னு நீங்களே யோசிங்க. தெரியாத இடத்தையெல்லாம் மாடல் அந்த முகங்கள்ல கத்துக்கிட்டதை வெச்சு அடைக்குது. அதனாலதான் வர்றது எப்பவும் லட்சணமா வருது.

இதுவும் புதுசில்ல. 1878-ல இங்கிலாந்துல ஃபிரான்சிஸ் கால்டன்ங்கிற விஞ்ஞானி, "குற்றவாளி முகம்" எப்படி இருக்கும்னு கண்டுபிடிக்கக் கைதிங்க படங்களை ஒரே போட்டோ பிளேட்டுல ஒண்ணு மேல ஒண்ணா விழ வெச்சுப் பார்த்தார். கிடைச்ச முகம் தனித்தனி ஆளுங்களைவிட அழகா இருந்துச்சு, அதை அவரே எழுதியும் வெச்சார். முகங்களைச் சேர்த்தா கோணல், தழும்பு, சொத்தைப் பல்லு எல்லாம் கரைஞ்சிடும். அடையாளம் இருக்கிறதே அதுலதான்.

இப்போ அந்த 1,800 ரூபா "கொள்ளை"க்கு என்ன வேலை நடக்குதுன்னு கேளுங்க. கார்டை 1200 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணுவோம். 2.5 சென்டிமீட்டர் படம் ஏறக்குறைய 1,180 பிக்சல் அகலத்துக்கு வரும். கூடவே கார்டை அச்சடிச்ச புள்ளியும் வரும், அதை லேசா மங்கடிச்சுச் சின்னதாக்கினாத்தான் போகும். லேமினேஷனும் ஹாலோகிராமும் பளபளன்னு முகத்து மேல அடிக்கும். அதனால கார்டை 180 டிகிரி திருப்பி இன்னொரு ஸ்கேன். போட்டோஷாப்புல ரெண்டையும் நேராக்கி, ஒண்ணு மேல ஒண்ணா லேயரா அடுக்கி, மேல இருக்கிறதை டார்க்கன்ல (ரெண்டுல எது இருட்டோ அதை மட்டும் காட்டும்) போட்டா, பளபளப்பு ஒவ்வொண்ணுலயும் வேற இடத்துல விழுந்திருக்கிறதால காணாமப் போகும். சொரசொரன்னு சில்க் பேப்பர்ல போட்ட பழைய படத்துக்கும் இதே திருப்பல்தான், ஆனா டார்க்கன் வேணாம், மேல் லேயர் பாதி தெரியற மாதிரி 50 சதவீதம். இந்தப் பக்க நிழலும் அந்தப் பக்க நிழலும் அடிச்சுக்கிட்டு சொரசொரப்பு அடங்கிடும்.

அதுக்கப்புறமும் அந்த ஒரு கார்டை நம்ப மாட்டோம். துறைமுக கேட் பாஸ் இருக்கா, மீனவர் சங்க அட்டை இருக்கா, ஏதாவது காதுகுத்துல ஓரமா நின்னிருக்காரான்னு கேட்போம். கூடப் பிறந்தவர் இருந்தா காதைப் பார்ப்போம். அம்மாவோட தோள் உயரத்துக்கு நைனா எங்க வருவார்னு கேட்போம், இல்லன்னா ஒண்ணு குள்ளமாயிடுவார், இல்ல அந்தரத்துல நிப்பார்.

மண்டபத்து வீடியோ லைட்டு வலப்பக்கம், கார்டுல வெளிச்சம் இடப்பக்கம்னு வெச்சுக்கோங்க. சோம்பேறி என்ன பண்ணுவான்? முகத்தை அப்படியே திருப்பிப் போடுவான். வகிடும் மச்சமும் பக்கம் மாறிடும். அது அவர் கண்ணாடியில பார்த்த முகம், வீட்டுக்காரங்க பார்த்த முகம் இல்ல. அம்மா ஒரு செகண்ட்ல "என்னமோ இடிக்குது"ம்பாங்க. அதனால திருப்பாம, வெளிச்சத்தையும் நிழலையும் கையாலயே மாத்தணும், கண்ணுக்குள்ள இருக்கிற வெள்ளைப் புள்ளி உட்பட. அப்புறம் குரூப் போட்டோவுல இருக்கிற அதே நாய்ஸை, அதான் மணல் மாதிரி தெரியற புள்ளியை, முகத்துலயும் தூவணும், இல்லன்னா தலை மட்டும் ஸ்டிக்கர் மாதிரி தெரியும். கால் நிழல், கீழ இருக்கிறதைக் கருக்க வைக்கிற மல்டிப்ளைல, பாதத்துக்கிட்ட கெட்டியா, தள்ளப் போகப் போக மங்கலா.

"பொறாமை"ம்பீங்க. வாடகை கட்டறவனுக்கு வயித்தெரிச்சல் இருக்கத்தான் செய்யும். அடுத்த கேள்வி.

"நீங்களும் வெட்டி ஒட்டறவங்கதானே, அதுவும் பொய்தானே?" வெட்டி ஒட்டறது போட்டோஷாப்போட வந்ததில்ல. 1857-லயே ரெய்லாண்டர்ங்கிற போட்டோகிராஃபர் முப்பதுக்கு மேல நெகட்டிவைச் சேர்த்து ஒரே படமாக்கினார். நைனா அந்த மண்டபத்துல நிக்கலங்கிறது பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். அந்தப் பொய்யைக் குடும்பமே சேர்ந்து ஆசையா சொல்லுது. முகம் மட்டும் நிஜம். ஆப்பு அந்த ஒரு நிஜத்தையும் எடுத்துடுது, எடுத்துட்டேன்னு சொல்றதும் இல்ல.

"நீ ஏஐ தொடவே மாட்டியா?" தொடுவேன். பின்னணியை நீக்க, நாய்ஸ் குறைக்க. கோட்ஃபார்மர்ல 0-லேருந்து 1 வரைக்கும் ஒரு ஸ்லைடர் இருக்கு. 0 பக்கம் போனா படம் பளிச், 1 பக்கம் போனா ஆள் அப்படியே, ஆனா படம் மங்கல். எங்க கை 1 பக்கம்தான் நிக்கும். கண்ணும் வாயும் ஸ்கேன்லேருந்துதான். ஆப்புல அந்த ஸ்லைடரையே காட்ட மாட்டான்.

"ஏழை எங்கே போவான் 1,800-க்கு?" நியாயமான கேள்வி, ஆனா இதே தெருவுல காது குத்துக்கு 20 அடி பேனர் வைக்கிறப்போ யாரும் கேட்டு நான் பார்த்ததில்ல.

இதையும் சொல்லிடறேன். காசிமேட்டுல ஒரு வீட்டுல பையன் ரெண்டு படத்தையும் அம்மா முன்னாடி வெச்சான். அந்தம்மா ஆப்பு படத்தைத்தான் எடுத்தாங்க. "இதுல நல்லா கீறாரு, இத்தையே மாட்டு." என்ன சொல்ல முடியும்? அவங்களுக்கு நிஜ முகம் மனசுல இருக்கு, படம் எப்படி இருந்தா என்ன. ஆனா மூணு வயசுப் பேத்திக்கு நாளைக்கு அந்தச் சுவத்துல இருக்கிறவர்தான் தாத்தா.

இன்னொரு பயம். இனிமே ஒட்டறதுக்கு மூலப்படமே இருக்காது. 2015 வெள்ளம் வியாசர்பாடி, புளியந்தோப்புல பீரோவுக்குள்ள இருந்த ஆல்பத்தையெல்லாம் ஊற வெச்சுது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எண்ணூர்ப் பக்கம் தண்ணியோட எண்ணெயும் வீட்டுக்குள்ள வந்துச்சு. மிஞ்சினது போன்ல இருக்கிறது மட்டும்தான். அந்தப் போனும் எடுக்கும்போதே தோலை வழவழப்பாக்கி, நிறத்தைக் கூட்டித்தான் சேமிக்குது. இன்னிக்கு உயிரோட இருக்கிற உங்க அம்மாவுக்கே ஒரு நிஜ முகம் உங்க கேலரியில இருக்கான்னு தேடிப் பாருங்க. கடைய மூடச் சொல்றவங்க அதையும் சேர்த்து மூடறாங்க, சிரிச்சுக்கிட்டே.

சரி, பழைய படத்தை எப்படிக் காப்பாத்தறதுன்னு இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்கு: ஒட்டிப்போன ஆல்பத்தைப் பிய்க்காதீங்க. பழைய லேப் பிரின்ட்டுன்னா சுத்தமான தண்ணியில ஊற விட்டா பெரும்பாலும் தானா கழண்டு வரும், படப் பக்கம் மேல இருக்கிற மாதிரி நிழல்ல காய வைங்க. இங்க்ஜெட் பிரின்ட்டைத் தண்ணியில போட்டா சாயம் ஓடிடும். பிரேம் கண்ணாடியில ஒட்டிக்கிட்டா கண்ணாடியோடவே கொண்டாங்க, அப்படியே ஸ்கேன் பண்ணலாம். வாட்ஸ்அப்புல அனுப்பித்தான் ஆகணும்னா டாக்குமென்ட்டா அனுப்புங்க. ரேட்டு கமென்ட்ல கேக்காதீங்க, ஸ்கேனைப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்.