சூனியக்காரி என்று எழுதியவருக்கு

அங்காளம்மன் திருவிழாவான மயானக் கொள்ளையின் காணொளி மேல் "பாலாற்றுச் சூனியக்காரி" என்று எழுதிச் சிரித்தவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு நாட்களாக எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். முகத்தில் நீலம் பூசி, எலுமிச்சை மாலையோடு ஆடிவந்த அந்த அம்மாள் சூனியக்காரி அல்லர். அங்காளம்மனுக்கு நேர்ந்துகொண்டு, விரதமிருந்து காளி வேடம் தரித்தவர். சூனியம் வைப்பது அடுத்தவர் குடியைக் கெடுக்க. சாமி வந்து ஆடுவது ஊரார் குறையைக் கேட்க. வேலூரில் பிறந்தவருக்கு இந்த வேறுபாடு தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

என் ஆயாவும் அருள் வந்து குறி சொன்னவர்தான். இரவில் வீறிட்டழும் குழந்தையைக் கொண்டுவந்தால், செப்புச் சொம்புத் தண்ணீரில் வேப்பிலைக் கொத்தை நனைத்து, உச்சியிலிருந்து பாதம்வரை மூன்று முறை தடவி, வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி கட்டைவிரலால் நெற்றியில் திருநீற்றை அழுத்துவார். வெற்றிலைமேல் யாராவது வைக்கும் ஒற்றை ரூபாய் மறுநாள் கற்பூரத்துக்குப் போய்விடும். பாம்புக்கடி என்று வந்தால் மட்டும் வேப்பிலையைத் தொடவே மாட்டார். "இங்க எதுக்குடா தூக்கினு வந்தீங்க, பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்று விரட்டுவார். இவரும் உங்கள் கணக்கில் சூனியக்காரிதானா?

மூடநம்பிக்கைக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று கேட்பீர்கள். தகடு, தாயத்து என்று பணம் பறிப்பவர்களைப் பிடித்துக் கொடுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் பகுத்தறிவு பேசும் அதே நண்பர்தான், சென்ற ஐப்பசியில் அக்டோபர் 31 இரவில், இறந்தோரை நினைக்கும், விக்கா என்னும் மேலைநாட்டுச் சூனிய நெறியின் சடங்கு என்று மெழுகுவத்திகள் சூழ அமர்ந்து படம் போட்டிருந்தார். இங்கிலாந்தில் 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்ட பின், ஜெரால்டு கார்ட்னர் 1954-இல் வெளியிட்ட நூலின் வழியே பலரும் அறிந்த அந்த நெறியை நான் இகழவில்லை. மாசி அமாவாசையில் பாலாற்றங்கரைச் சமாதிகளில் செத்துப்போனவருக்குப் பிடித்ததைப் படைக்கும் நாங்கள் மட்டும் எப்படிக் காட்டுமிராண்டிகள் ஆனோம்? மெழுகுவத்தி ஆன்மிகம், சூடம் அறியாமை, நல்ல பகுத்தறிவு.

ஒரு சொல்லுக்கு இத்தனை கோபமா என்பார்கள். அங்கே சூனியக்காரி என்ற பெயரை விக்கா நெறியினரே விரும்பிச் சூட்டிக்கொள்கிறார்கள். இங்கே அது பிறர் ஒட்டும் பட்டம். அந்தப் பட்டம் சூட்டிப் பெண்களை அடித்துக் கொன்றதால்தான் பீகாரில் 1999-இலும் ஜார்க்கண்டில் 2001-இலும் தனிச்சட்டம் தேவைப்பட்டது.

எங்களுக்கு இது புதிதும் அல்ல. 2003-இல், 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து உயிர்ப்பலி கூடாது என்று அரசு ஆணையிட்டபோது, ஆயா கோழிக்குப் பதிலாகப் பூசணிக்காயை வெட்டிவிட்டு அம்மன் முன் விழுந்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டே அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆயாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

காணொளி என் அம்மாவின் கைபேசிக்கும் வந்துவிட்டது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, மேலே என்னடா எழுதியிருக்கிறது என்று கேட்டார். "பாலாறு" என்று மட்டும் படித்துக் காட்டினேன்.