கலியாண வீட்டில் சொல்லாமல் விட்டது

போன சனிக்கிழமை லண்டன் ஹரோவில் ஒரு கலியாண வீடு. சாப்பிடும்போது மனநோய் வார்டுகளைப் பற்றிக் கதை வந்தது. "காப்பிலியளுக்கு விசர் ரத்தத்திலேயே இருக்கு" என்றார் என் சித்தப்பா, கறுப்பினத்தவர்களைத்தான் அப்படி இழிவாகச் சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை. நானும் கை கழுவ எழுந்து போய்விட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

ரத்தம்தான் காரணம் என்றால் கணக்கு ஒத்துவர வேண்டுமே. 1990களின் கடைசியில் லண்டன், நொட்டிங்ஹாம், பிரிஸ்டலில் கணக்கெடுத்தார்கள்: கரீபியன் வழிவந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வெள்ளையர்களைவிட ஏறத்தாழ 9 மடங்கு. அதே 90களில் ஜமைக்காவில் பார்த்தபோது அப்படி ஒன்றும் கூடுதலாக இல்லை. ஊர் விட்டு வந்த அதிர்ச்சி என்பீர்களா? 1948இல் கரீபியனிலிருந்து விண்ட்ரஷ் கப்பலிலும் அதற்குப் பிறகும் பிரித்தானியாவுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவர்கள், அவர்களிடமும் அது குறையவில்லை.

நெதர்லாந்தின் ஹேக் நகரத்து ஆய்வைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். எந்தச் சமூகம் அதிகம் ஒதுக்கப்பட்டதோ அங்கே நோயும் அதிகம். மொரோக்கோக்காரருக்கு டச்சுக்காரரைப்போல 4 மடங்கு. ஆனால் தங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற பகுதிகளில் குடியிருந்த குடியேறிகளுக்கு ஆபத்து வெகுவாகக் குறைந்திருந்தது. ஈஸ்ட்ஹாமில் தமிழ்க்கடை வாசலில் நின்று கதைத்துவிட்டு வரும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் வைத்தியம். டேவிட் பெனட் 8 வயதில் ஜமைக்காவிலிருந்து வந்தவர். நோரிச்சில் மனநோய் மருத்துவமனையில் இருந்தபோது, இங்கே இத்தனை கறுப்புப் பொடியன்கள் இருக்கிறோம், ஊழியர்களில் ஓர் ஆப்பிரிக்கர்கூட இல்லையே என்று 1993இல் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். 1998இல் இன்னொரு நோயாளி அவரை நிறம் சொல்லித் திட்டினார். கைகலப்புக்குப் பிறகு வேறு வார்டுக்கு மாற்றப்பட்டவர் பெனட்தான். அங்கே அவர் ஒரு தாதியை அடித்தார், பல தாதியர் சேர்ந்து முகங்குப்புற அமுக்கிப் பிடித்தார்கள், சுமார் 25 நிமிடம். செத்துப்போனார். 38 வயது. பிறகு நடந்த விசாரணை, இந்நாட்டு அரசு மருத்துவச் சேவைக்குள்ளேயே இனவெறி நிறுவனமயமாகி இருக்கிறது என்று எழுதியது.

சித்தப்பா 1985இல் வந்தவர். பெற்றோல் செட்டில் இரவு வேலை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குடித்துவிட்டு வந்த பொடியன்கள் "பாக்கி" என்று, தெற்காசியர்களைத் திட்டும் அந்தச் சொல்லைக் கத்தி, கண்ணாடியில் துப்புவார்களாம். இரண்டு வருடம் நித்திரை இல்லை, கதவைப் பூட்டினேனா என்று எழும்பி எழும்பிப் பார்ப்பேன் என்று அவரே எனக்குச் சொன்னார். அதை அவர் ரத்தத்தில் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். இந்த முறை எழுந்து போகமாட்டேன்.