கான்ஃபிக் ஃபைலில் இல்லாத வரிகள்

"பழைய சுவிட்ச் கான்ஃபிக்கை எடு, புது ஓஎஸ்ஸுக்கு ஏற்ற மாதிரி மாற்று, ஏற்று. அவ்வளவுதானே?" சுவிட்ச் என்பது கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி, கான்ஃபிக் என்பது அதன் அமைப்புகளை எழுதிய ஃபைல். இந்தக் கேள்வியை மேலாளர்கள் கேட்டால் எனக்குப் புரிகிறது. நெட்வொர்க்கிலேயே பல வருடம் ஓட்டியவர்கள் கேட்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சுவிட்ச் ஓஎஸ் மாற்றத்தை வரிக்கு வரி மொழிபெயர்ப்பாக நினைக்கும் பழக்கம் நம்மிடமிருந்து போகவேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளம்தான்.

கான்ஃபிக் ஃபைலில் நாம் பார்ப்பது, யாரோ ஒருவர் உட்கார்ந்து மாற்றிய விஷயங்களை மட்டும். மாற்றாமல் விட்டதெல்லாம் டீஃபால்ட், அதாவது ஓஎஸ் தானே வைத்திருக்கும் அமைப்பு. அந்தச் சுவிட்ச் இத்தனை நாள் ஓடியது இரண்டையும் சேர்த்துத்தான். ஓஎஸ் மாறினால் டீஃபால்ட்டும் மாறும். ஃபைலில் இல்லாத வரியை எந்தக் கன்வெர்ட்டர் மாற்றித் தரும்?

டிரங்க் போர்ட்டையே எடுத்துக்கொள்வோம், அதாவது பல விலான்களை (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்குகள்) ஒரே கேபிளில் கடத்தும் போர்ட். சிஸ்கோவின் ஓஎஸ்ஸான ஐஓஎஸ்ஸில் ஒரு போர்ட்டை டிரங்க் என்று மட்டும் சொல்லிவிட்டால், சுவிட்சில் இருக்கும் எல்லா விலானும் அதில் போகும். ஜூனிப்பரின் ஓஎஸ்ஸான ஜூனோஸில் எந்தெந்த விலான் என்று சொன்னால்தான் போகும். பழைய ஃபைலில் பட்டியலே இல்லை, அதனால் புது ஃபைலிலும் வராது. போர்ட் பச்சை விளக்கோடு மேலே இருக்கும், ஒரு ஃபிரேமும் (டேட்டா பொட்டலம்) போகாது. டிரங்க் என்ற சொல்லே இடத்துக்கு இடம் வேறு. பழைய ஹெச்பி புரோகர்வ் சுவிட்சுகளில் டிரங்க் என்றால் பல லிங்க்கைச் சேர்த்து ஒன்றாகக் கட்டுவது. விலான் டேகிங்கோடு (ஃபிரேமில் விலான் எண்ணைப் போடுவது) அதற்குச் சம்பந்தமே இல்லை.

என் கைப்பட நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐஓஎஸ்ஸில் ஓடிய ஒரு சுவிட்சை எடுத்துவிட்டு ஜூனோஸ் சுவிட்ச் வைத்தோம். கோருக்கு (நெட்வொர்க்கின் மையப் பகுதி) போகும் 10 ஜி (நொடிக்கு 10 கிகாபிட்) ரூட்டட் லிங்க்கில் எம்டியூ, அதாவது ஒரே தடவையில் போகக்கூடிய அதிகபட்ச பைட், 9000 என்று இருந்தது. நானும் 9000 என்றே போட்டேன். லிங்க் மேலே வந்தது, பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போனது. ஓஎஸ்பிஎஃப் (பாதை விவரங்களைப் பக்கத்துச் சாதனத்தோடு பகிரும் புரோட்டோகால்) நெய்பர் மட்டும் எக்ஸ்ஸ்டார்ட் என்ற ஆரம்ப நிலையிலேயே நின்றுவிட்டது. ஏரியா சரி, ஹெலோ டைமர் சரி, ஆத்தென்டிகேஷன் சரி. ராத்திரி வேலை, கையிலிருந்த நேரம் கரைந்துகொண்டிருந்தது. கடைசியில் இன்டர்ஃபேஸ் அவுட்புட்டை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தேன். மேலே எம்டியூ 9000. கீழே, ஐபிக்கான ஐநெட் என்ற வரிக்குப் பக்கத்தில், எம்டியூ 8986.

வித்தியாசம் 14. ஒவ்வொரு ஃபிரேமின் முன்னாலும் ஒட்டும் ஈத்தர்நெட் ஹெட்டரின் அளவு, பைட்டில். ஐஓஎஸ்ஸில் எம்டியூ என்றால் ஹெட்டரை விட்டுவிட்டு எண்ணுவது, ஜூனோஸில் ஹெட்டரையும் சேர்த்து எண்ணுவது. அதனால்தான் ஒன்றில் டீஃபால்ட் 1500, இன்னொன்றில் 1514. ஓஎஸ்பிஎஃப் தன் டேட்டாபேஸ் பாக்கெட்டிலேயே எம்டியூவை எழுதி அனுப்பும். தன்னால் வாங்க முடியாத அளவைப் பார்த்தால் அந்தப் பாக்கெட்டை ஒதுக்கிவிடும். 9014 என்று மாற்றி கமிட் (மாற்றத்தை அமலாக்கும் கட்டளை) கொடுத்தேன், சில நொடியில் ஃபுல் (நெய்பர் முழுதாக இணைந்த நிலை) வந்தது. இரண்டு பக்கமும் அதே 9000, ஆனால் அர்த்தம் வேறு. அன்றிலிருந்து "அதே வேல்யூவைப் போட்டுட்டேன்" என்று யாராவது சொன்னால், எதை எண்ணும் வேல்யூ என்று கேட்காமல் விடுவதில்லை.

விலான் பட்டியலும் அப்படித்தான். சிஸ்கோ சுவிட்ச் விடிபி (விலான் பட்டியலைச் சுவிட்சுகளுக்குள் பகிரும் சிஸ்கோ முறை) சர்வர் மோடில் இருந்தால் விலான்கள் ரன்னிங் கான்ஃபிக்கில் (இப்போது ஓடும் கான்ஃபிக்) தெரியாது, ஃபிளாஷில் தனி ஃபைலில் இருக்கும். ரன்னிங் கான்ஃபிக்கை மட்டும் காப்பி எடுத்து வந்தவர் கையில் விலான் பெயர் ஒன்றுகூட இருக்காது.

எனக்கு மிகவும் பயம் ஸ்பானிங் ட்ரீயில்தான், அதாவது லூப் வராமல் சில பாதைகளை அடைத்துவைக்கும் முறையில். மற்ற தப்புகள் உடனே கத்தும், இது கத்தாது. பல பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்சுகள் பழைய காஸ்ட் கணக்கில் (காஸ்ட் குறைந்த பாதையே தேர்வாகும்) ஓடுபவை: 1 ஜி லிங்க்குக்கு 4, 10 ஜிக்கு 2. புதிய கணக்கில் 1 ஜிக்கு 20000, 10 ஜிக்கு 2000. பழைய கணக்கில் ஓடும் கூட்டத்துக்கு நடுவில் புதிய கணக்கில் ஒரு சுவிட்சை வைத்துப் பாருங்கள். அதன் வழியாகப் போகும் 10 ஜி பாதைக்கு 2000க்கு மேல் காஸ்ட் விழும், இரண்டு 1 ஜி லிங்க் தாண்டிப் போகும் பாதைக்கு வெறும் 8. கீழே இருக்கும் சுவிட்ச் எதைத் தேர்ந்தெடுக்கும்? லூப் வராது, அலாரம் அடிக்காது. எல்லாரும் "வேலை முடிந்தது" என்று போய்விடுவார்கள். மறுநாள் காலை லோடு ஏறும்போதுதான் "ஏன் இவ்வளவு ஸ்லோ?" என்று போன் வரும். அதோடு சிஸ்கோவில் விலானுக்கு ஒரு ட்ரீ, ஜூனோஸில் டீஃபால்ட்டாக எல்லாவற்றுக்கும் ஒரே ட்ரீ. விலானுக்குத் தனித்தனி வேண்டுமென்றால் விஎஸ்டிபியை நாமே போடவேண்டும்.

கன்வெர்ட்டர் டூல் வேண்டாம் என்று சொல்லவில்லை. 48 போர்ட்டுக்கும் கையால் டைப் செய்தால் அதில் வேறு தப்பு வரும். ஆனால் அது தருவது ஒரு வரைவுதான். அதை அப்படியே ஏற்றக்கூடாது. அதற்கு முன்னால் பழைய சுவிட்சில் "ஷோ ரன்னிங்-கான்ஃபிக் ஆல்" கொடுத்துப் பாருங்கள், டீஃபால்ட் வரிகளும் சேர்ந்து வரும். நீளமாகத்தான் இருக்கும், படிக்கத்தான் வேண்டும். அப்புறம் மேக் டேபிள் (எந்தப் போர்ட்டில் எந்தச் சாதனம்), ஏஆர்பி (எந்த ஐபிக்கு எந்த மேக்), எல்எல்டிபி நெய்பர் (பக்கத்துச் சாதனங்கள்), ஒவ்வொரு விலானுக்கும் ரூட் (ட்ரீயின் தலைமைச் சுவிட்ச்) யார், எந்தப் போர்ட் பிளாக் ஆகியிருக்கிறது, எல்லாவற்றையும் மாற்றுவதற்கு முன்னால் எடுத்து வையுங்கள். மாற்றிய பிறகு மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். பிங் போகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். எனக்கும் அன்றைக்குப் பிங் போனது.

திரும்பி வரும் வழியும் கையில் இருக்கவேண்டும். ஜூனோஸில் கமிட் கன்ஃபர்ம்ட் கொடுத்தால், நாம் மறுபடி உறுதி செய்யாதவரை 10 நிமிடத்தில் பழைய கான்ஃபிக்குக்குத் தானே திரும்பிவிடும். ஐஓஎஸ்ஸில் வரி அடித்த நொடியே அமலுக்கு வரும். அங்கே ரீலோடு டைமர் (குறித்த நேரத்தில் சுவிட்சை ரீஸ்டார்ட் செய்து, சேமித்த கான்ஃபிக்குக்குத் திருப்புவது) வைத்துக்கொண்டுதான் தொலைவிலிருந்து கை வைக்கவேண்டும், வேலை சரியாக முடிந்ததும் டைமரை ரத்து செய்யவும் மறக்கக்கூடாது.

மேலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்ஓவருக்கு (பழையதை எடுத்துப் புதியதுக்கு மாறும் வேலை) இரண்டு மணி நேரம் கொடுக்கிறீர்கள், சரி. அதற்கு முந்தைய படிக்கும் வேலைக்கும் நாள் கொடுங்கள். இப்போது என் மேஜையில் மாற்றவேண்டிய இன்னொரு சுவிட்சின் கான்ஃபிக் இருக்கிறது. அதில் 11 போர்ட்டுகளுக்கு டிஸ்கிரிப்ஷன் இல்லை, ஆனால் 11லும் மேக் அட்ரஸ் தெரிகிறது, அதாவது ஏதோ சாதனம் இணைந்திருக்கிறது. அவற்றின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு டீமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஏழுக்குப் பதில் வந்திருக்கிறது. மீதி நான்கும் தெரியும்வரை நான் தேதி சொல்லப்போவதில்லை.