பதில் வராத நேரத்தில்தான் நெறிமுறைக்குச் சோதனை
இணைய நெறிமுறை ஒன்றின் வரைவுத் தரத்தைப் பரிசீலிப்பது என்றால் செய்தி வடிவங்களும் அவற்றில் உள்ள புலங்களும் சரியாக உள்ளனவா என்று பார்ப்பதுதான் என்கிறது இங்கே வந்துள்ள கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. பொய்ப் போக்குவரத்தைக் குவித்துச் சேவையை முடக்கும் தாக்குதலைத் (டிடாஸ்) தணிப்பதற்கான நெறிமுறையில் முதலில் கேட்க வேண்டியது, உள்வரும் இணைப்பு முழுக்க அடைத்துக்கொண்ட நேரத்தில் இது வேலை செய்யுமா என்பதைத்தான். இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2021-இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 9132 என்ற ஆவணத்தைப் பாருங்கள், தாக்கப்படுபவர் தணிப்புச் சேவையிடம் உதவி கேட்பதற்கான டாட்ஸ் நெறிமுறையின் சமிக்ஞைத் தடத்துக்கான தரம் அது. தாக்கப்படுபவரின் உதவிக் கோரிக்கை பெரும்பாலும் வெளியே போய்விடும், பதில்தான் உள்ளே வராது. அதனால் கோரிக்கையை ஒப்புகை எதிர்பார்க்காத செய்தியாக அனுப்பச் சொல்கிறது. அப்படி இணைப்பு நிரம்பிய வேளையில் ஹார்ட்பீட் (மறுமுனை இன்னும் தொடர்பில் உள்ளதா என்று அவ்வப்போது கேட்கும் செய்தி) பதில்கள் வரவில்லை என்பதற்காக அமர்வு முடிந்துவிட்டதாகக் கருதக் கூடாது என்றும் விதிக்கிறது. புலங்களின் அட்டவணையை மட்டும் சரிபார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு தாக்குதலின்போது தணிப்புச் சேவைக்குள் நுழைய ஒருமுறைக் குறியீடு தேவைப்பட்டது. அது மின்னஞ்சலில் வரும், மின்னஞ்சலோ அதே அடைபட்ட இணைப்பில். கையேட்டில் எல்லாப் படிகளும் சரியாகவே இருந்தன. அப்புறம், தாக்கப்படும் முகவரியை பிளாக்ஹோல் செய்துவிட்டால், அதாவது அதற்கு வரும் எல்லாவற்றையும் வழியிலேயே கைவிட்டுவிட்டால், போதும் என்று மேலே கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார். மற்ற சேவைகள் பிழைக்கும், சரி. ஆனால் அந்த முகவரிக்கு உண்மையான பயனர்களும் வர முடியாது, தாக்கியவர் விரும்பியதும் அதுதானே. அப்படி ஒரு வழியை வரைவு அனுமதித்தால், அதை யார், எப்போது விலக்குவார்கள் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லிக் கேட்பேன்.