காஸ் முடிஞ்சிட்டுதாம்!

ஏசி குளிரவில்லை என்று யாழ்ப்பாணத்தில் யாரைக் கூப்பிட்டாலும், செருப்பைக் கழற்ற முன்னரே பதில் தயார். "காஸ் முடிஞ்சிட்டுது அண்ணை. அடிச்சால் சரி."

எங்கே முடிந்தது? யார் குடித்தது? மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் பெற்றோலா அது, ஓட ஓடக் குறைய? மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருக்கிற சாமான். உள்ளே ஆவியாகும்போது அறையின் சூட்டை உறிஞ்சும். வெளியே கொம்பிரசர் அதை அமுக்க, சூட்டைக் கக்கிவிட்டுத் திரும்பத் திரவமாகும். ஓட்டை இல்லாவிட்டால் வருடக் கணக்காக அப்படியே கிடக்கும். குறைகிறதென்றால் எங்கேயோ கசிகிறது. தொழில் பழகியவருக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டுதான் ஓட்டையைத் தேடாமல் காஸை அடித்து, காசை எண்ணிக்கொண்டு போகிறார்கள். ஓட்டையை அடைத்துவிட்டால் அடுத்த சித்திரை வெயிலுக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்?

எங்கள் வீட்டு வெளி யூனிற்றில், குழாயின் வாயை விரித்து நட் போட்டு இறுக்குகிற இடத்தில், கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. அதன்மேல் சோளகக் காற்று கொண்டுவந்த புழுதி அப்பிக் கிடந்தது. காஸோடு சேர்ந்து கொம்பிரசர் எண்ணெயும் சுற்றுகிறது, அதனால் காஸ் கசிகிற இடத்தில் எண்ணெயும் கசியும். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வந்த பெடியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அது ஊத்தை அண்ணை" என்று சொல்லி, துணியை எடுத்து வடிவாகத் துடைத்துவிட்டான். துடைத்தேவிட்டான்! சவர்க்கார நுரையைப் பூசியிருந்தால் குமிழி காட்டிக் கொடுத்திருக்கும். சரியாகச் செய்வதென்றால் நைதரசனை அழுத்தி ஏற்றி, மீற்றர் முள் இறங்குகிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். நைதரசன் என்றேன். டயருக்கு அடிக்கிறதைக் கேட்கிறேனாக்கும் என்று நினைத்து முழித்தான்.

அடிக்கிற விதமாவது ஒழுங்கா? எத்தனை கிராம் காஸ் என்று யூனிற்றில் ஸ்ரிக்கரே ஒட்டியிருக்கிறது. தராசில் சிலிண்டரை வைத்து நிறுத்து ஏற்ற வேண்டும். இங்கே தராசு என்பது கைதான். பைப்பைத் தொட்டுப் பார்த்து, "குளிருது, காணும்." ஏசிக்குள் ஓடுகிற ஆர்-410ஏ என்ற காஸ், இரண்டு காஸைப் பாதிக்குப் பாதி கலந்தது. சிலிண்டரிலிருந்து திரவமாக ஏற்றினால்தான் கலவை பிசகாது என்பதெல்லாம் யாருக்குக் கவலை. அதில் ஒரு கிலோ காற்றில் போனால், பூமியைச் சூடாக்குவதில் ஏறக்குறைய 2000 கிலோ காபனீரொட்சைட்டு போனதற்குச் சமம். வருடா வருடம் அடிக்கிறதெல்லாம் எங்கே போகிறதென்று நினைக்கிறீர்கள்?

இரண்டு முறை அடித்தும் காஸ் நிற்கவில்லையென்றால் அடுத்த பல்லவி: "பழசு அண்ணை, புதுசு மாத்துங்கோ." சரி, மாற்றுவோம் என்று கடைக்குப் போனால் சின்ன அறைக்கு 18000 பீரீயூ (ஏசி குளிராக்குகிற சக்தியின் அளவு) தலையில் கட்டப் பார்க்கிறார்கள். அந்த அறைக்கு 9000 தாராளம். உப்புக் காற்றுக்குத் தாங்குமா, தகடுகளுக்குப் பூச்சு இருக்கிறதா என்றால், "எல்லாம் ஒண்டுதான்." ஒன்றில்லை ஐயா! இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் அல்லது கடல்நீரேரி. பூச்சில்லாத அலுமினியத் தகடு விரலால் தொட அப்பளமாக நொறுங்குகிறது. இதில் சேர்விஸ் என்று வந்து, மோட்டார் சைக்கிள் கழுவுகிற பிரெஷரில், உவர்க் கிணற்றுத் தண்ணீராலேயே அடித்துவிட்டுப் போகிறார்கள்.

புதிதைப் பூட்டும்போது பழைய பைப்பே போதுமாம். பழையது ஆர்-22 என்ற பழைய காஸ் ஓடிய பைப். புதிய காஸின் அழுத்தம் அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் வாக்கும் பம்ப் வைத்து இழுத்தெடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக வால்வை ஒருக்கால் திறந்து "புஸ்" என்று விட்டு, வேலை முடிந்தது. உள்ளே நிற்கிற ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கொம்பிரசரைத் தின்னும்போது, பெரிய எழுத்தில் பத்து வருடம் என்று போட்ட உத்தரவாதத்தைத் தூக்கிக்கொண்டு போங்கள். "பூட்டினது நாங்கள் இல்லை" என்பார்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அழைத்தால் இன்னும் விசேஷம். முதல் கேள்வியே "வெளிநாட்டு ஆக்கள் வந்து நிக்கினமோ?" விலை அந்தப் பதிலில் இருக்கிறது.

"கரண்டே இல்லாமல் குப்பி விளக்கோட வளந்தனீங்கள், இப்ப ஏசி கேக்குதோ?" என்று கேட்கிற பெரியப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. அப்போது படுத்தது ஓலைக் கூரைக்குக் கீழே. இப்போது தலைக்கு மேலே கொங்கிறீற். பகல் முழுக்கக் குடித்த வெயிலை அது விடிய விடிய இறக்குகிறது. வயதான அம்மாவை அதற்குள் வேகவிடச் சொல்கிறீர்களா?

இப்போதெல்லாம் போனில் முதலே கேட்டுவிடுகிறேன். வாக்கும் பம்ப் இருக்கிறதா, தராசு இருக்கிறதா, நைதரசன் கொண்டு வருவீர்களா என்று. கடைசியாக நான் இப்படிக் கேட்ட ஆள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அண்ணையும் இந்தத் தொழிலோ?" என்றார். அதற்குப் பிறகு எனது அழைப்பை அவர் எடுப்பதில்லை.